மலையேரிக்கு நாலாவது ஆள்

இதில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ரத்தினவேல் தன் வாயால் சொன்னது. புளுகுகிறவன் சொல்லச் சொல்லக் காரம் சேர்ப்பான், அது உலக வழக்கம். இவர் உப்புக்கூடச் சேர்க்கவில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்றுவிட்டு வந்ததைச் சொல்கிற மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னார். எனக்குப் பயம் வந்ததே அந்தக் குரலால்தான். கேட்ட பிறகு நான் விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரித்தும் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான்.

சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ரத்தினவேல் புதுக்கோட்டை சர்வே ஆபீஸில் படம் வரைகிற டிராப்ட்ஸ்மேன். வீடு குடுமியான்மலை ரோட்டில் ஒரு கிராமத்தில். தினமும் சைக்கிளில் வந்து போவார். அந்த வருஷம் ஐப்பசியில் அவருக்கும் அவர் மனைவி சொர்ணவல்லிக்கும் ஒரே நேரத்தில் டைபாய்டு வந்தது. ஒரே ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டில் அவர், பெண்கள் வார்டில் அவள். அவர் பிழைத்தார். அவள் போய்விட்டாள். அவருக்கு நினைவு தெளிந்து எழுந்து உட்கார்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. கொள்ளி வைத்ததிலிருந்து கடைசிக் காரியம் வரை எல்லாம் பார்த்தது அவளுடைய அண்ணன் குழந்தைசாமி. பிள்ளைகுட்டி கிடையாது.

அதற்குப் பிறகு ரத்தினவேல் அழவே இல்லை. கொதிக்கிற கஞ்சியைக் குடிப்பார். நாக்கு பொத்துப்போனது மறுநாள்தான் தெரியும். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போவார், எழவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போவார், இரண்டிலும் ஒரே முகம். துக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, இல்லையென்று தலையாட்டுவார். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

அவரை இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டான் என்று கவலைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இன்னாசி. ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். படிக்கிற காலத்தில் சாமியார்களோடு கொடைக்கானலில் தங்கி மலையெல்லாம் நடந்தவர். இன்னொருவர் அழகுமலை. கீழ ராஜ வீதிப் பக்கம் சைக்கிள் கடை. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற உடம்பு.

"சித்திரையில ஒரு வாரம் லீவு போடு. கொடைக்கானல் ஏரியில தொடங்கி பேரிஜம் வரைக்கும், அதுக்கு அங்கிட்டும் பேர் தெரியாத ரெண்டு மூணு ஏரி இருக்கு. எல்லாத்தையும் நடந்தே பாப்போம். மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டு, ஏரிக்கரையிலயே பொங்கித் தின்னுட்டு, அங்கனயே படுத்துக்குவோம்" என்றார் இன்னாசி.

"சரி" என்றார் ரத்தினவேல். வேண்டாமென்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே.

சாயங்காலமானால் மூவரும் அழகுமலை கடையில் கூடுவார்கள். பழைய பட்டாளத்துக் கான்வாஸ் துணியில் முதுகில் மாட்டுகிற பைகள் தைக்க எதிர்க்கடைத் தையற்காரர் திருப்பதியிடம் கொடுத்தாயிற்று. அவல், பொரிவிளங்காய் உருண்டை, ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு, ஒரு ஸ்டவ். குளிர் என்றால் என்னவென்றே தெரியாத ஊர்க்காரர்கள். அழகுமலை மூன்று கம்பளி வாங்கி, கடைக்குள்ளேயே ஒன்றைப் போர்த்திப் பார்த்து, வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். ரத்தினவேல் டிரேசிங் துணியில் மலைப் படம் வரைந்தார். இன்னாசி சொல்லச் சொல்ல ஏரிகளுக்கு நீலமை தீட்டி, கரையோரமாகவே வளைந்து போகிற பாதையைப் பென்சிலால் புள்ளி வைத்தார்.

கெடுத்தது அழகுமலையின் ஆத்தா ராக்காயி. கடைக்கு மகனுக்குச் சோறு கொண்டுவந்தவர் மூன்று கம்பளியையும் பார்த்தார்.

"மூணு பேரா போறீக?"

"ஆமாத்தா."

"மூணு பேராப் போனா போன காரியம் வெளங்காதுப்பா. ஒரு கல்லை எடுத்துக்கங்க. நாலாவது ஆளுன்னு வாயால கூப்பிட்டு எடுக்கணும். திங்கிறப்ப அதுக்கும் ஒரு பங்கு வைக்கணும். திரும்பி வந்ததும் எடுத்த எடத்துலயே போட்டுறணும்."

நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். இன்னாசி சிரித்தார். ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. "நான் எடுத்தாரேன்" என்றார் ரத்தினவேல்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வருகிற வழியில் செங்குளத்துக் கரையில் சைக்கிளை நிறுத்தினார். அந்தக் கோடையில் குளம் வற்றி, சேறு வெடித்து, நடுவில் ஒரு பாய் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு கல். ஒரு சாண் உயரம், வழவழப்பு. எடுத்தார். ஆத்தா சொன்னபடி வாய்விட்டே கூப்பிட்டார்.

"மலைக்குப் போறோம். வாங்க."

துண்டில் சுற்றிக் கேரியரில் வைத்துக் கட்டினார். மிதித்தார். வண்டி நகரவில்லை. எழும்பி மிதித்தார். மெதுவாக உருண்டது. டயரில் காற்று இறங்கிவிட்டது என்று நினைத்து இறங்கி அமுக்கிப் பார்த்தார். டயர் கல் மாதிரி இறுகியிருந்தது. ஏறி மிதித்தபோது மறுபடியும் அதே கனம். மேட்டில் இரட்டை ஆள் வைத்து மிதிக்கிற கனம்…

அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எதுவும் படாத காலம் அது. துண்டோடு கல்லை அழகுமலை கடையில் இறக்கி வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் டீக்கடைக்காரர் கடைக்குள் வந்து நாலு கிளாஸ் வைத்துவிட்டுப் போனார். மூன்றுதான் சொன்னோம் என்று அழகுமலை கத்தினார். எண்ணித்தான் போட்டேன் என்று அவர் பதில் சொன்னார். நாலாவது டீயை இன்னாசி குடித்தார். அடுத்த நாளும் நாலு. அதற்கடுத்த நாளும்.

பைகள் தயாரான நாளில் ரத்தினவேல் எதிர்க்கடைக்குப் போனார். மேசை மேல் நாலு பைகள் இருந்தன.

"மூணுதானே குடுத்தோம்?"

"துணி மிச்சம் இருந்துச்சு சார். அவுகளுக்கும் ஒண்ணு தச்சிட்டேன்" என்றார் திருப்பதி. "அளவு எடுக்கல. கண்ணளவுதான். வாரு சின்னதா வச்சிருக்கேன், தோள்பட்டை ஒடுக்கமா இருந்துச்சு பாருங்க."

"யாருக்கு?"

"அன்னைக்குக் காலையில ஒங்க சைக்கிள்ல பின்னாடி ஒக்காந்து வந்தாங்கல்ல. முக்காடு போட்டுக்கிட்டு. ஒங்க வீட்டு ஆளுக தானே சார்?"

திருப்பதி ஊருக்குப் புதிது. சொர்ணவல்லி இறந்தது அவருக்குத் தெரியாது.

ரத்தினவேல் நாலு பைகளையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். தெரு நடுவில் நின்றுவிட்டார். மாட்டு வண்டிக்காரன் திட்டினான். நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அசைந்தது. அது பயமில்லை, ஆசை. செத்துப்போன பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து வந்தாளா என்கிற ஆசை.

கடைக்குள் அழகுமலை கல்லைத் துண்டிலிருந்து எடுத்து வைத்திருந்தார். நாலாவது ஆளின் கனம் எவ்வளவு என்று தராசில் போட்டுப் பார்க்கிற விளையாட்டு. மேலே ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தவர், கையை இழுத்துக்கொண்டார். சேற்றுக்கு அடியில் மஞ்சள் பூச்சு இருந்தது. ஒரு பக்கத்தில் கறுத்த நூல் ஒன்று சுற்றி இறுகிக் கிடந்தது.

"எங்கடா எடுத்தே?"

"செங்குளத்துல."

"படித்துறைக்கு நேரயா?"

"ஆமா."

அழகுமலை கல்லைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "இது கருமாதிக் கல்லுடா."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்தால் கல் ஊன்றி, அதில் இறந்தவரை இருத்தி, காரியம் முடிகிற நாள் வரை அதற்குத்தான் சோறும் தண்ணீரும். கடைசி நாளில் கல்லைப் பிடுங்கிக் குளத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அப்படிப் போட்ட கல்லைத்தான் ரத்தினவேல் எடுத்திருந்தார். எடுத்ததோடு இல்லாமல், வாங்க என்று வேறு கூப்பிட்டிருந்தார்.

"கொண்டு போயிப் போட்டுரு மாப்ளே. இப்பவே" என்றார் அழகுமலை.

ரத்தினவேல் கல்லைத் துண்டில் சுற்றினார், பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி. தன் பைக்குள் வைத்தார். "அது அவதான்" என்றார். "எங்க ஊருக் கல்லெல்லாம் அங்கதான் போடுவாங்க."

"எத்தனையோ பேரு கல்லு கெடக்கும்டா அதுல" என்றார் இன்னாசி. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"அவதான்."

"அப்ப நாங்க வரல" என்றார் அழகுமலை. இன்னாசி தன் பங்குக் கம்பளியை அழகுமலை பக்கம் தள்ளி வைத்தார். அதுவும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

"சரி, நாங்க ரெண்டு பேரும் போயிக்கிறோம்" என்றார் ரத்தினவேல். வெளியே போய் சைக்கிள் விளக்கைப் பற்ற வைத்துவிட்டு உள்ளே வந்து பையை எடுத்துக்கொண்டார்.

இருட்டு இறங்குகிற நேரம். ஊர் எல்லை தாண்டியதும் வண்டி கனத்தது. கேரியர் ஸ்பிரிங் 'க்ரீச்' என்றது. பை அவர் முதுகில் இருந்தது. கேரியரில் ஒன்றுமே இல்லை.

அவர் திரும்பவில்லை. மிதித்துக்கொண்டே கேட்டார்.

"சொர்ணமா?"

செயின் சத்தம் மட்டும். பிறகு…

"ம்."

ரத்தினவேல் அழுதார். ஐப்பசியில் அழ வேண்டியதையெல்லாம் அந்த ரோட்டில் அழுதார். வீடு வந்து சேரும்வரை சொர்ணம், சொர்ணம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

அதன் பிறகு ஒரு வாரம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லையாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, படத்தை விரித்து, மலைக்கு என்னென்ன எடுத்துப்போகலாம் என்று பேசுவார். கம்பளி ரெண்டு போதுமா சொர்ணம்? ம். கருவாடு வேணாம், ஒனக்குப் பிடிக்காதே. ம். மூலையில் பை சாய்ந்திருக்கும். சத்தம் அந்தப் பக்கமிருந்து வரும்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தின. சொர்ணவல்லி கூப்பிட்டால் "இந்தா வந்துட்டேன்" என்பாள். ம் கொட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. செத்தவளுக்குப் பேச்சுக் குறைவாகத்தான் இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் தலையில் முக்காடு போட்டு அவர் பார்த்ததே இல்லை. அதற்கும் ஏதோ ஒரு சமாதானம்.

இரண்டு தட்டில் சோறு போடுவார். அவர் தட்டு நன்றாகவே இருக்கும். அவர் சாப்பிட்டு முடித்துப் பார்த்தால், எதிர்த்தட்டுச் சோறு நொந்து நூல் விட்டிருக்கும். ஒரே பானைச் சோறுதான்…

வீட்டில் சேற்று வாடை.

பையின் அடிப்பக்கம் ஈரம். குடத்துத் தண்ணீரே அடியில் கிடக்கிற கோடை அது. தொட்டுப் பார்த்தார். உள்ளிருந்து கசிகிற ஈரம்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் படத்தை விரித்தார். அவர் வைத்த பென்சில் புள்ளிகள் இல்லை. ரப்பரால் அழித்த தடம்கூட இல்லை. கொடைக்கானல் ஏரிக்கரை வரைக்கும் பாதை இருந்தது. அதன் பிறகு கரையை விட்டு விலகி, நீலமைக்குள் நேராக ஒரு கோடு இறங்கியது. ஏரியின் நடுவில் நின்றுவிட்டது.

எதிர்க்கரையில் கோடு இல்லை. மற்ற ஏரிகளுக்கும் இல்லை. ஒரு வாரப் பயணம் முதல் ஏரியிலேயே முடிந்திருந்தது.

"இப்படித்தான் போகணுமா?" என்று கேட்டார்.

"ம்."

பக்கத்தில் கேட்டது. காதுக்கு மிகப் பக்கத்தில்.

இதைச் சொன்னபோதுதான் ரத்தினவேல் என்னிடம் கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு அப்ப சம்மதமாத்தான் இருந்துச்சு சார்" என்றார். பிறகு டீயைக் குடித்தார்.

விடிகாலை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. முதுகில் பையோடு அவர் படியில் கால் வைத்தபோது யாரோ கையைப் பிடித்தார்கள். அழகுமலை. பக்கத்தில் இன்னாசி. அவர்களுக்குப் பின்னால், முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அவருடைய மைத்துனர் குழந்தைசாமி. ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள்.

"பையைத் தொறந்து பாருடா" என்றார் அழகுமலை.

"எதுக்கு?"

"தொற."

திறந்தார். துண்டை விரித்தார். உள்ளே ஒரு ஜல்லிக்கல் இருந்தது. ரோட்டோரத்தில் குவித்திருப்பார்களே, அந்தக் கல். மஞ்சளும் இல்லை, நூலும் இல்லை.

"அன்னைக்கு நீ விளக்குப் பொருத்தப் போனப்பவே மாத்திட்டேன். நானும் வாத்தியாரும் அப்பவே போயி அதைச் செங்குளத்துல போட்டுட்டோம். நீ ஒரு வாரமா ரோட்டுக் கல்லை வச்சுப் பேசிக்கிட்டு இருக்கே."

அவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ரத்தினவேல் சிரித்தார்.

"கல்லு இல்லாமலே வந்திருக்காளே" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "கல்லுக்காக வரல. எனக்காக வந்திருக்கா."

மறுபடியும் படியில் கால் வைத்தார்.

"மாப்ளே" என்றார் குழந்தைசாமி. அதிகம் பேசாத மனிதர். "எந்தக் கல்லை எடுத்தீக? எங்க எடுத்தீக?"

"செங்குளத்துல மச்சான். நீங்க போட்டதுதான்."

குழந்தைசாமி படிக்குப் பக்கத்தில் வந்தார்.

"நான் அதுல போடல."

கண்டக்டர் விசில் ஊதினார்.

"தங்கச்சி கல்லைக் கோட்டைப்பட்டினம் கொண்டு போயி கடல்ல போட்டேன். அஸ்தியும் அங்கதான்."

"ஏன்?"

"அவதான் கேட்டுக்கிட்டா. நெனவு இருந்த கடைசி நாளு. பொம்பளை வார்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு…"

தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சி சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னார்.

"என்னைய செங்குளத்துல போட்றாதண்ணே. துணி தொவைக்கப் போறப்பல்லாம் அங்க ஒருத்தி ஒன் பேரு என்ன, ஒன் பேரு என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் சொல்லவே இல்ல."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவள் சொல்லாத பேரை ரத்தினவேல் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

ரத்தினவேல் பஸ் ஸ்டாண்டிலேயே பையை இறக்கி வைத்தார். அதைத் தூக்க யாரும் முன்வரவில்லை. அங்கேயே விட்டுவிட்டு நாலு பேரும் நடந்தார்கள். நடக்கும்போது அழகுமலை இரண்டு தடவை ஆட்களை எண்ணிப் பார்த்தாராம். அவர்தான் சொன்னார். எத்தனை வந்தது என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு யாரும் மலைக்குப் போகவில்லை. ரத்தினவேல் அதே வீட்டில்தான் இருந்தார், பழையபடி மரத்துப்போய். நேரத்துக்கு ஆபீஸ் வந்தார், படம் வரைந்தார். பேச்சு வாக்கில் மனைவியைப் பற்றி வந்தால் அவ என்பார், வீட்டுக்காரி என்பார். சத்தமெல்லாம் நின்றுவிட்டதா என்று ஒருநாள் கேட்டேன். "நான் கூப்பிடறதில்ல" என்றார். அவ்வளவுதான்.

ஐப்பசியில் முதல் வருஷத் திதி வந்தது. குழந்தைசாமியும் வந்திருந்தார். இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, விளக்கேற்றியாயிற்று. இறந்தவளைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும் என்றார் காரியம் செய்விக்க வந்தவர். கணவன் வாயால் கூப்பிட்டால்தான் வந்து சாப்பிடுவாளாம்.

ரத்தினவேல் வாயைத் திறந்தார். மூடினார். வந்தவர் மறுபடியும் சொன்னார். குழந்தைசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

கூப்பிட்டால் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ரத்தினவேல் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். சொர்ணவல்லிக்கு அதன் பிறகு யாரும் சோறு வைக்கவில்லை.